பெரியவர்கள் ம் கொட்டக் கூடாது

முதல்லயே சொல்லீடறேன், நான் இதச் சொல்லி முடிக்கற வரைக்கும் யாரும் ம் கொட்டாதீங்க. கேக்கறதுன்னா வாய மூடீட்டுக் கேளுங்க, இல்லீன்னா எந்திரிச்சுப் போய் உங்க சோலியப் பாருங்க, எனக்கு வருத்தமில்ல. எம் பேரு மகுடீஸ்வரி. பதினேழு வருசமா நூலகர், அதுல ஆறு வருசம் ஞாயித்துக்கெழமை தவறாம சின்னப் புள்ளைங்களுக்குக் கதை சொன்னவ. காரைப்பள்ளத்துக்குள்ள வந்து கதை மிஸ்ஸு எங்கன்னு கேட்டா எந்தப் புள்ளையும் கை காட்டும். காட்டும்னா, அப்போ. இப்போ காட்டுமான்னு தெரியல.

காரைப்பள்ளம் பனியன் கம்பெனி ஊரு. வாரத்துல ஆறு நாளும் அப்பனும் ஆத்தாளும் மிஷின் முன்னால. ஏழாவது நாள்தான் புள்ளைங்க அவங்க மொகத்த வெளிச்சத்துல பாக்கும். அந்த ஞாயித்துக்கெழமை காலையில பத்தரை மணிக்கு, ஊர்த் தண்ணி ஓவர்டேங்குக்குப் பக்கத்துல இருக்கற எங்க கிளை நூலகத்துல, பாய விரிச்சு, ஃபேனப் போட்டு, முப்பது புள்ளைங்களச் சுத்தி உக்கார வெச்சுக் கதை ஆரம்பிப்பேன். இத்தன குழந்தைங்கள எப்படிங்க அடக்கறீங்கன்னு வெளியூர்க்காரங்க கேப்பாங்க. அட, குழந்தைங்கள எதுக்குங்க அடக்கணும்? மூணு வயசுப் புள்ளை கதை கேக்கறப்ப ஒன்னுக்கு வந்தாக்கூட அடக்கீட்டு உக்காந்திருக்கும். நான் பட்ட பாடெல்லாம் பின்னால பிளாஸ்டிக் சேர்ல உக்காந்திருந்த பெரியவங்ககிட்டத்தான்.

அவங்க ஃபோன்ல பேசுவாங்க, ஃபோன் இல்லாதப்ப பக்கத்துச் சேரோட பேசுவாங்க, அதுவும் இல்லாதப்ப எம் மூஞ்சிக்கு நேரா ஃபோன நீட்டி வீடியோ எடுப்பாங்க, நான் "யானை என்ன சொல்லுச்சு தெரியுமா"ன்னு புள்ளைங்களக் கேட்டா "தெரியும்னு சொல்றா, அன்னிக்குச் சொன்னியே"ன்னு எட்டித் தம் புள்ளை முதுகுல குத்துவாங்க, முறுக்குப் பொட்டலத்தச் சரசரன்னு பிரிப்பாங்க, கதை உச்சத்துக்குப் போறப்ப "மேடம், இங்க ஆதார்ல பேர் திருத்தறாங்களா"ன்னு கேப்பாங்க. நான் சும்மா இருந்தேனா? ஃபோன் போட ஒரு கூடை வெச்சேன்; ரெண்டு ஃபோன் வெச்சிருந்தவங்க பழசக் கூடையில போட்டுட்டுப் புதுச மடியில வெச்சுக்கிட்டாங்க. போர்டு எழுதி மாட்டுனேன். அதுக்கு முன்னால நின்னு புள்ளையோட செல்ஃபி எடுத்தாங்க. புள்ளைங்களோட பாய்ல உக்காருங்கன்னேன், முழங்கால் வலின்னாங்க. சிரிச்சுச் சொன்னேன், கெஞ்சிச் சொன்னேன், ஒருநாள் அழுதே சொன்னேன். செவிடன் காதுல ஊதின சங்கு. ஆனா அவங்களக் கெட்டவங்கன்னு என்னால சொல்ல முடியாது. ஒவ்வொருத்தரும் ஆறு நாள் ஒழச்சுக் களச்சவங்க, புள்ளை மேல உசுரையே வெச்சிருந்தவங்க. அதுதான் கொடுமை.

இனி இந்த ம்மப் பத்திச் சொல்லோணும். எங்க பக்கம் கதை சொல்றவங்க ம் கேக்காம அடுத்த வாக்கியத்துக்குப் போக மாட்டாங்க. ஒரு வாக்கியம், ஒரு ம். ம் நின்னாக் கதையும் நின்னுரும். நானும் அப்படித்தான் சொல்லுவேன். "ஒரு காட்டுல ஒரு கரடி"ன்னு நிறுத்துவேன், முப்பது வாயும் "ம்ம்"னு சொல்லும், அந்த ம்முல காலு வெச்சுத்தான் அடுத்த வாக்கியத்துக்குத் தாண்டுவேன். குழந்தை ம் கொட்டினாக் கதை அதுக்கு உள்ள போகும். புத்தகமும் அப்படியே இருக்கும், எங்கிட்ட இருக்கற கதையும் அப்படியே இருக்கும், யாருக்கும் ஒன்னும் கொறையாது.

அந்த முப்பதுல ஒன்னு மிதுனா. நாலு வயசு முடிஞ்சும் ஒரு வார்த்தை பேசாத புள்ளை, அம்மான்னு கூடச் சொன்னதில்ல. அவ அம்மா கோகிலவாணி ஓவர்லாக் டெய்லர். புருசன் போன எடம் தெரியாது. அந்தப் பொண்ணுக்கு இவ, இவளுக்கு அந்தப் பொண்ணு, வேற நாதியில்ல. காது டாக்டர் காது நல்லாருக்குன்னாரு, நரம்பு டாக்டர் நரம்பு நல்லாருக்குன்னாரு, மூணாவது டாக்டர், "வரும்மா, அவசரப்படுத்தாத, பொறுத்திரு"ன்னு சொல்லி அனுப்பீட்டாரு. பொறுத்திருன்னு சொல்றது சுளுவு. மிஷின்ல நிமிசத்துக்கு இத்தன பீஸுன்னு பழகின கைக்கு அது எங்கங்க வரும்?

தை மாசத்துல ஒரு ஞாயித்துக்கெழமை, எல்லாப் புள்ளைங்களும் ம் கொட்டி முடிச்சு, நான் அடுத்த வாக்கியத்துக்கு வாயெடுக்கப் போறப்ப, செவுத்தோரமா இருந்து ஒரு ம் வந்துச்சு. ஊரடங்கினதுக்கப்புறம் கடைசி பஸ்ஸு வர்ற மாதிரி, லேட்டா, ஆனா வந்துச்சு. திரும்பிப் பாத்தா மிதுனா. கோகிலா சேர்லருந்து எறங்கித் தரையில உக்காந்து துப்பட்டாவ வாயில அடைச்சுக்கிட்டு அழுதா. அதுல இருந்து ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நான் மனசுக்குள்ள எண்ணிப் பாத்தேன். ஒன்னு, ரெண்டு, மூணு, பத்து, பதினொன்னு, சில நாளைக்குப் பதினஞ்சு வரைக்கும் போகும், அப்புறம் அந்த ம் வரும். தவறாது. முப்பது புள்ளைங்களும் அதுக்காகக் காத்திருக்கப் பழகிக்கிட்டாங்க, ஒன்னுகூட மொணங்கல.

காத்திருக்க முடியாதவ அவ அம்மா ஒருத்திதான். நான் வாக்கியத்த நிறுத்துன ஒடனே பின்னாலிருந்து கோகிலாவோட சத்தம் வரும்: "சொல்லு சாமி, ம் சொல்லு, மிஸ்ஸு பாக்கறாங்கல்ல, சொல்லு... ம்." புள்ளைக்குப் பதிலா இவளே சொல்லீருவா. மிதுனா தொண்டை வரைக்கும் வந்தத முழுங்கிருவா.

"கோகிலா, அவ வந்துட்டுத்தான் இருக்கறா. வழிய விடு"ன்னு சொன்னேன்.

"செரீங்க மேடம், இனி வாயத் தொறக்க மாட்டேனுங்க"ன்னா. அடுத்த வாக்கியத்துக்கே தொறந்தா. "தானா வந்துருச்சுங்க மேடம், என்ற வாய் என்ற பேச்சக் கேக்க மாட்டீங்குது"ன்னு தலையில அடிச்சுக்கிட்டா.

இப்படி இருக்கறப்பத்தான் சித்திரையில ஒரு ஞாயித்துக்கெழமை கரடி எந்திரிச்சுப் போச்சு.

பனியன் கம்பெனிகளுக்கு நூல் விக்கற ஏஜெண்டு சண்முகவடிவேலு எப்பவும்போலப் பின்னால உக்காந்து ஃபோன் பேசீட்டிருந்தாரு. நான் "தேனு எங்க இருக்குதுன்னு கரடி மோந்து மோந்து பாத்துச்சாம்"னு சொல்லி நிறுத்துனேன். புள்ளைங்க வாயெடுக்கறதுக்கு முன்னால வடிவேலு ஃபோனப் பாத்து "ம்"ன்னாரு. "ம்... லோடு ஏறிருச்சா... ம்... ரசீது வாங்கீட்டியா... ம்." எங் கையில இருந்த புத்தகத்துலருந்து கரடி தூங்கி எந்திரிச்சவனாட்டம் எறங்குச்சு, பாய்ல இருந்த புள்ளைங்க காலு கையி மிதிபடாமப் பாத்துப் பாத்து நடந்துச்சு, போய் வடிவேலு சேருக்குப் பொறகால நின்னுக்கிச்சு. அவரு பேசீட்டே வெளிய போனாரு, பேசீட்டே வண்டிய எடுத்தாரு, கரடி பின் சீட்டுல ஏறி அவரு தோளப் பிடிச்சுக்கிட்டுப் போயிருச்சு. புத்தகத்துல மரம் இருந்துச்சு, தேன்கூடு இருந்துச்சு, நடுவுல கரடி அளவுக்கு வெள்ளையா ஓட்டை. நான் அடுத்த வாக்கியத்தச் சொல்லலாம்னு வாயத் தொறந்தேன். நாக்குல ஒன்னும் இல்ல. நூறு தடவ சொன்ன கதை, அடுத்தது என்னன்னு தெரியல.

"மிஸ், கரடி திரும்பி வருமா?"ன்னு ஒரு பொடிசு கேட்டுச்சு. நான் வருங்கண்ணுன்னேன். பொய்தான்.

அன்னிக்குப் புரிஞ்சது இதுதான்: புள்ளைங்க ம் கொட்டினாக் கதை உள்ள போகும், பெரியவங்க ம் கொட்டினாக் கதை பொறகால போகும். ஆறு வருசமாக் கொட்டுன ம்முக்கெல்லாம் போகாதது அன்னிக்கு மட்டும் ஏன் போச்சுன்னு என்னைக் கேக்காதீங்க, கரடியக் கேளுங்க.

ஊர்ல யாரும் இத அதிசயமாப் பாக்கல. வடிவேலு சம்சாரம் வாசல்ல கரடியப் பாத்துட்டு, "ஆளக் கூட்டீட்டு வர்றதுன்னா ஒரு ஃபோன் பண்ணீட்டு வர வேண்டாமா, அரை லிட்டர் பால்தான் இருக்குது"ன்னு புருசன வஞ்சுட்டு, கரடி கால் கழுவத் தண்ணி மோந்து குடுத்துச்சாம். மறுநாள் கரடி குடோன்ல நூல் மூட்டை எறக்குச்சு. அந்த வாரமே வாட்ஸப்ல "காரைப்பள்ளம் ம் குரூப்"னு ஒன்னு ஆரம்பிச்சு, எந்தப் புத்தகத்துல எது இருக்குது, எந்த வாக்கியத்துல ம் போட்டாச் சரியா இருக்கும், அவசரப்பட்டுப் போட்டா வாலில்லாம வருமான்னு பொழுதன்னிக்கும் பேசிக்கிட்டாங்க. அடுத்த ஞாயித்துக்கெழமை நான் கதவத் தொறக்கறதுக்குள்ள டேங்கு வரைக்கும் வரிசை. பந்திக்கு முந்துன்னு சும்மாவா சொன்னாங்க? பாய்ல பெரியவங்க உக்காந்துக்கிட்டாங்க. முழங்கால் வலிச்சவங்க அத்தன பேரும் சம்மணம் போட்டு உக்காந்தாங்க. புள்ளைங்க வெளிய செருப்புகளுக்கு நடுவுல நின்னுச்சுங்க.

ஒட்டகச்சிவிங்கி பிளம்பரோட போச்சு, அதுக்கப்புறம் ஏணி எடுத்துட்டுப் போற வேலை அவருக்கு இல்லாமப் போச்சு. சிங்கம் கவுன்சிலரோட போச்சு, பஸ் ஸ்டாண்டுல அவரும் சிங்கமும் கும்பிடு போடற பிளெக்ஸ் வெச்சாங்க. கல்யாணத் தரகர் ஜாதகத்தோட சேத்து, "பையனுக்குச் சொந்த வூடு, நாலு மிஷின், ஒரு புலி"ன்னு சொல்ல ஆரம்பிச்சாரு. பொண்ணு வூட்ல, "புலி சரிங்க, பையன் குடிப்பானா?"ன்னு கேட்டாங்க. ஒரு நரிக்கு ரெண்டு பேரு ஒரே நேரத்துல ம் போட்டு, பஞ்சாயத்து வெச்சு, திங்கள் புதன் வெள்ளி ஒரு வூடு, மத்த நாள் இன்னொரு வூடுன்னு தீர்ப்பாச்சு. மளிகைக் கடையில சாமான் வாங்கறப்பவே "உங்களுக்கு என்ன வந்துச்சு?"ன்னுதான் விசாரிப்பாங்க, ஒன்னும் வராதவங்க தலையக் குனிஞ்சுக்குவாங்க.

வந்ததுங்க என்னாச்சுங்கறீங்க? கதையக் காதுலயே வாங்காமக் கூட்டீட்டுப் போனவங்களுக்கு அதுங்க யாருன்னு தெரியாது. அதனால அதுங்களுக்கும் தாங்க யாருன்னு மறந்து போச்சு. தேன் தேடிப் போன கரடி, எதத் தேடிப் போனோம்னு தெரியாம, வேலை முடிஞ்சதும் குடோன் கேட்டுல நின்னு ரோட்டப் பாத்துட்டே இருக்கும். சிங்கம் கவுன்சிலர் வூட்டு ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்துல படுத்து, அது ஓடற சத்தத்தக் கேட்டுக்கிட்டே கெடக்கும். யாரும் அடிக்கல, பட்டினி போடல, வேளைக்குச் சோறு வெச்சாங்க. அதுங்க எளைச்சுக்கிட்டே போச்சுங்க.

நான் என்னென்னமோ பண்ணிப் பாத்தேன். பெரியவங்களுக்கு அனுமதியில்லன்னேன், ஜன்னல்ல மொகத்த வெச்சு ம்ன்னாங்க. ஜன்னலச் சாத்துனேன், புள்ளைங்க பையில ஃபோனப் போட்டு, கால் ஆன்லயே வெச்சு அனுப்பிச்சாங்க, நான் வாக்கியத்த நிறுத்துனா டிபன் பாக்ஸுக்கு நடுவுலருந்து "ம்"னு ஆம்பளக் கொரல் வரும். பையச் சோதிச்சேன், "எம் புள்ளையத் திருடன்னு சொல்றியா"ன்னு சண்டைக்கு வந்தாங்க. ம் கேக்காமயே கதை சொல்லிப் பாத்தேன். ரெண்டாவது வாக்கியத்துலயே மூச்சடைச்சுச்சு. கதைய நிறுத்தீட்டேன், ரெண்டு வாரம். ஊரே தெரண்டு வந்து, "புள்ளைங்க ஏங்கிப் போகுதுங்க மேடம்"னு கண்ணத் தொடச்சுக்கிட்டு நின்னாங்க. மேலிடத்துக்கு எழுதிப் போட்டேன். வாசகர் வருகை நாலு மடங்கு கூடுனதுக்குப் பாராட்டுன்னு பதில் வந்துச்சு.

புள்ளைங்க ம் கொட்டறத விட்டுருச்சுங்க. ஒருசிலது கொட்டுச்சு, அது இன்னும் மோசம். கைய ஃபோனாட்டம் காதுல வெச்சுக்கிட்டு, எங்கியோ பாத்துக்கிட்டு, அப்பனாட்டமே "ம், ம், ம்"னு கொட்டுச்சு. அதுங்களுக்கு உள்ள ஒன்னும் போகல. நான் அதப் பாத்த அன்னிக்கு வூட்டுக்குப் போய் சோறாக்காமப் படுத்துக்கிட்டேன்.

மிதுனா மட்டும் மாறாம வந்தா. செருப்புகளுக்கு நடுவுல நின்னு, உள்ள என்ன நடந்தாலும், பதிமூணு பதினாலு எண்ணுனதுக்கப்புறம், அவ ம் வரும். அதுக்குள்ள கதை யாரோ ஒருத்தரு பொறகால தெருவத் தாண்டியிருக்கும். காலி பாயப் பாத்து ம் கொட்டுவா. அதக் கேட்டுட்டு நான் எத்தன நாளைக்குத் தாங்கறது?

ஆனியில வாத்துக் கதை சொன்னேன். அன்னிக்கு மழை, கூட்டம் கொறைவு, மிதுனா எனக்கு நேரா உக்காந்திருந்தா. கோகிலா போக வந்திருந்த நாலு பேரையும் கையெடுத்துக் கும்பிட்டு, இந்த ஒன்ன மட்டும் அந்தப் புள்ளைக்கு விட்டுக் குடுங்கன்னு கேட்டேன். நாலு பேரும் நல்லவங்க, வாய மூடீட்டு உக்காந்தாங்க. "வாத்து தண்ணிக்குள்ள எட்டிப் பாத்துச்சாம்"னு நிறுத்துனேன். ஒன்னு, ரெண்டு, எட்டு, ஒம்பது. மிதுனா மொகத்துல அது வர்றது எனக்குத் தெரிஞ்சுச்சு.

"ம்"னா கோகிலா.

வாத்து எறங்கிக் கோகிலா பொறகால போய் நின்னுச்சு. கோகிலா அதப் பாத்தா, புள்ளையப் பாத்தா, "ஐயோ"ன்னு ஒரு சத்தம் போட்டா. "போ, அவகிட்டப் போ, அவளுக்குத்தான் நீயி"ன்னு வாத்தத் தூக்கி மக மடியில வெச்சா. அது எறங்கி எறங்கி இவகிட்டயே வந்துச்சு. கம்பெனிக்குப் போனா மிஷினுக்கடியில உக்காரும், ரேஷன் கடைக்குப் போனாப் பொறகால வரும், ஒரு தடவகூட அந்தப் புள்ளைப் பக்கம் திரும்பல. மிதுனா வாத்துப் பொறகால நடப்பா. அம்மா, வாத்து, புள்ளைன்னு மூணும் வரிசையாத் தெருவுல போறதப் பாத்து ஊரே சிரிச்சுச்சு. கொஞ்ச நாள் மிதுனா வாத்து மூஞ்சியப் பாத்து ம் கொட்டிப் பாத்தா. அதுக்குச் சொல்ல ஒன்னுமில்ல. அப்புறம் அதையும் நிறுத்தீட்டா. அஞ்சு வாரம் மிதுனா வாயிலருந்து ஒரு சத்தமும் வரல.

ஆடி முடியறதுக்குள்ள அலமாரி காலி. யானை போச்சு, எலி போச்சு, கடைசியாத் தவளைக்கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்துக்காரரோட போச்சு. எல்லாப் புத்தகத்தையும் பொரட்டிப் பாத்தேன், அத்தனையும் ஓட்டை. ஒரே ஒன்னு மட்டும் தப்பியிருந்துச்சு. ஒடக்கான் புத்தகம். ஓணான்னு மத்த ஊர்ல சொல்றதத்தான் நாங்க ஒடக்கான்னு சொல்றது. மூஞ்சியப் பாத்தாலே கல்லெடுக்கற ஊர்ல அத யாருங்க வூட்டுக்குக் கூட்டீட்டுப் போவாங்க? அதனால மிச்சம்.

நான் கோகிலாவத் தேடிக் கம்பெனி வாசலுக்கே போனேன். "ஒன்னே ஒன்னு இருக்குது. வெள்ளிக்கெழமை நூலகம் லீவு, யாரும் வர மாட்டாங்க. அரை நாள் லீவு போட்டுட்டு மத்தியானம் புள்ளையக் கூட்டீட்டு வா. ஒரு கதை அவளுக்கு உள்ள போயிருச்சுன்னாப் போதும் கோகிலா, மத்த பேச்செல்லாம் அதப் பிடிச்சுட்டு வந்துரும். இதும் போச்சுன்னா எங்கிட்ட வேற இல்ல"ன்னேன்.

கோகிலா காலடியில நின்ன வாத்தப் பாத்தா. அப்புறம், "நான் உள்ள வர மாட்டேனுங்க மேடம்"னா. "வாசல்லயும் நிக்க மாட்டேன். ரோட்டுக்கு அக்கட்ட டேங்குக்குக் கீழ போய் நின்னுக்கறேன். துப்பட்டாவ வாயில அடைச்சுக்கறேன். நீங்க கூப்புட்டாத்தான் வருவேன்."

சொன்னபடியே செஞ்சா. அந்த வெள்ளிக்கெழமை மூணு மணிக்கு மிதுனாவ எங்கிட்ட விட்டுட்டு, வாத்தக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு, திரும்பிப் பாக்காம ரோட்டத் தாண்டிப் போய், டேங்கு தூண்ல சாஞ்சுக்கிட்டு, துப்பட்டா நுனிய வாய்க்குள்ள திணிச்சா. நான் ஜன்னல்ல பாத்தேன். கண்ண எறுக்கி மூடியிருந்தா.

நான் எம் ஃபோன அணைச்சு மேசை டிராயர்ல போட்டேன். பாய்ல மிதுனாவுக்கு எதுக்க உக்காந்தேன். புத்தகத்தத் தொறந்தேன்.

ஒரு ஒடக்கான் இருந்துச்சாம். யாரு என்ன கேட்டாலும் தலைய ஆட்டுமாம். மேகம் வந்து, "நான் போகட்டுமா?"ன்னு கேட்டுச்சாம், ஒடக்கான் தலைய ஆட்டுச்சாம், மேகம் போயிருச்சாம். நிறுத்துனேன். காத்திருந்தேன். ம் வரல. வர வேண்டாம், இப்பத்தானே ஆரம்பிச்சோம், பரவால்லன்னு நானே மெதுவா அடுத்ததுக்குப் போனேன், மூச்சடைச்சாலும் போனேன். குருவி வந்து, "நான் போகட்டுமா?"ன்னு கேட்டுச்சாம், ஒடக்கான் தலைய ஆட்டுச்சாம், குருவி போயிருச்சாம். எல வந்து கேட்டுச்சாம், எல போச்சாம். தண்ணி வந்து கேட்டுச்சாம், தண்ணி போச்சாம். வெறுங் கல்லு மேல ஒடக்கான் ஒத்தையா உக்காந்திருந்துச்சாம். மிதுனா கண்ணு படத்து மேலயே இருந்துச்சு. அவ உள்ள வந்துட்டான்னு எனக்குத் தெரிஞ்சுச்சு.

"அப்போ வழி தவறின ஒரு கட்டெறும்பு வந்துச்சாம். வந்து, 'நான் உங்கூட இருக்கட்டுமா?'ன்னு கேட்டுச்சாம்."

நிறுத்துனேன்.

ஒன்னு, ரெண்டு, மூணு. ஃபேன் சுத்துச்சு. பத்து. பதினஞ்சு. ரோட்டுல ஒரு லாரி போச்சு. இருபது. மிதுனா ஒதடு ரெண்டும் ஒட்டியிருந்துச்சு. ம்முக்கு வாயத் தொறக்க வேண்டியதில்லைங்க, மூடியிருந்தாப் போதும். நாலு வருசமா அந்தப் புள்ளை அதோட வாசப்படியிலயேதான் நின்னுட்டிருந்துச்சு. முப்பது. தொண்டை ஏறி எறங்குச்சு. வா கண்ணு, வா தங்கம், இன்னும் ஒரு எட்டு வெச்சாப் போதும். முப்பத்தஞ்சு. அவ கண்ணு படத்துலருந்து எம் மொகத்துக்கு வந்துச்சு, கேக்கற மாதிரி. சொல்லலாமான்னு கேக்கற மாதிரி. சொல்லு சாமின்னு தைரியம் குடுக்கத்தாங்க தலைய ஆட்டுனேன். அதுக்கு மேல ஒன்னும் நெனைக்கல, சத்தியமா நெனைக்கல. ஆட்டுன தலையோட சேந்து வந்துருச்சு.

"ம்"னேன்.

ஒடக்கான் கல்லுலருந்து எறங்குச்சு. பக்கத்தத் தாண்டி, பாயத் தாண்டி, அந்தப் புள்ளை முழங்காலுக்குப் பக்கத்துல ஒரு தடவ நின்னு, எம் பொறகால வந்து, முதுகுல ஏறித் தோள்ல உக்காந்துக்கிச்சு. மிதுனா அது நடந்து வந்த வழிய முழுசாப் பாத்தா. தோளப் பாத்தா. என்னப் பாத்தா. அப்புறம் அவளுக்கு வர வேண்டியது வந்துச்சு, யாரும் அவசரப்படுத்தாம, நல்ல தெளிவா, அந்தப் புள்ளை அதுவரைக்கும் சொன்னதுலயே பெருசா.

"ம்."

ரோட்டுக்கு அக்கட்டருந்து கோகிலா அதக் கேட்டுட்டா. செருப்ப அங்கியே விட்டுட்டு ஓடியாந்தா. "சொல்லீட்டாளா மேடம்? என்ற காதுல விழுந்துச்சுங்க, நான் வாயத் தொறக்கவே இல்லீங்க, அவதானுங்க சொன்னா, அவளேதானுங்க..."ன்னு சிரிச்சுக்கிட்டே உள்ள வந்தவ, என் தோளப் பாத்து நின்னா.

வஞ்சிருக்கலாம். ஊருக்குத்தானாடி உபதேசம்னு மொகத்துல காறித் துப்பியிருக்கலாம். நான் அதுக்குத்தான் உக்காந்திருந்தேன். கோகிலா துப்பட்டாவோட ஈர நுனியப் பிழிஞ்சுக்கிட்டே நின்னா. அப்புறம், "பரவால்லீங்க மேடம்"னா. "நானா இருந்தாலும் சொல்லீருப்பேன்." மகளத் தூக்கி இடுப்புல வெச்சுக்கிட்டுப் போனா. மிதுனா அம்மா தோளுக்கு மேல என்னப் பாத்துக்கிட்டே போனா, ஒதட்ட மூடிக்கிட்டு.

அதுக்கப்புறம் அவங்க வரல. ஞாயித்துக்கெழமை பத்தரைக்கு நான் இன்னமும் பாய விரிக்கறேன். சொல்ல ஒன்னுமில்லாததனால பெரியவங்களும் வர்றதில்ல, நூலகம் நான் ஆறு வருசமா ஆசைப்பட்ட மாதிரி அமைதியா இருக்குது. ஒடக்கான் மேசை மேல பேனா டப்பாவுக்குப் பக்கத்துல உக்காந்திருக்குது. இருக்கட்டுமான்னு கேட்டுச்சே அந்தக் கட்டெறும்பு, அதுக்கு நீ என்ன சொன்னே, அது இருந்துச்சா போச்சான்னு தெனமும் அதக் கேக்கறேன். தலைய ஆட்டுது.